சாவி இல்லாத வாட்சுக்கு சாவி கொடுத்த கதை

"வாட்சுக்கு சாவி கொடுத்தியா?" குவார்ட்ஸ் வருவதற்கு முன்னால் எங்க குள்ளஞ்சாவடி பக்கம் தினமும் காதில் விழுந்த கேள்வி இது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கைக்கடிகாரத்தில் சாவி எங்கே இருக்கு? ஓரத்தில் ஒரு குமிழ்தானே இருக்கு?

அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு பழைய வரலாறு ஒளிஞ்சிருக்கு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாக்கெட் கடிகாரங்களுக்கு நிஜமாகவே தனிச்சாவி உண்டு. மூடியைத் திறந்து, துளையில் சாவியைச் செருகி முறுக்கணும். முள்ளைத் திருப்பவும் சாவிதான். சாவி தொலைந்தால் போச்சு. திறந்து மூடித் திறந்து மூடி தூசி வேற உள்ளே போகும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் அத்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர். ஒரே குமிழில் இரண்டு வேலையும் நடக்கிற அவருடைய அமைப்புக்கு 1844 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம், 1845-ல் காப்புரிமை. 'படேக் பிலிப்' கம்பெனிப் பெயரில் இருக்கிற பிலிப் இவர்தான்.

விஷயம் ரொம்ப எளிமை. குமிழோடு இணைந்த தண்டில் ஒரு குட்டிப் பல்சக்கரம் முன்னும் பின்னும் நகரும். குமிழ் உள்ளே இருந்தால் அது மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிற பல்லோடு சேர்ந்துக்கும். குமிழை வெளியே இழுத்தால் செட்டிங் லீவர் அதை மறுபக்கம் தள்ளி, முள்ளைத் திருப்புகிற சக்கரத்தோடு சேர்த்துவிடும்.

இது புரிஞ்சா பாதி ரிப்பேரை நாமே யூகிக்கலாம். எவ்வளவு முறுக்கினாலும் இறுகவே இல்லையா? மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். கையை எடுத்ததும் 'சர்ர்'னு பின்னால் அவிழுதா? தடுத்து நிறுத்துகிற கிளிக் உடைஞ்சிருக்கலாம். குமிழ் தண்டோடு கையில வந்துடுச்சா? பெரும்பாலும் செட்டிங் லீவர் ஸ்க்ரூ லூஸ். குமிழை இழுக்காமலே முள் சுத்துதா? குட்டிச் சக்கரத்தைத் திரும்பத் தள்ளுகிற ஸ்பிரிங்கைப் பார்க்கணும்.

நம்ம ஊர்க் கைகளுக்கு இந்த அமைப்பைக் கொண்டுவந்தது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 1957-ல் நேரு தொடங்கி வைத்த நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதும் அதே 1961-ல்தான். ஷிஃப்டுக்கு ஓடினவங்க கையில 17 கல் வைத்த எச்.எம்.டி. ஜனதா இருந்தா நேரத்துக்குக் கவலையில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை சாவி கொடுத்தா போதும். ஊரெல்லாம் அதே வாட்ச் என்பதால் ஒரு பழைய வாட்சின் தண்டையும் லீவரையும் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு ஓட வைக்கவும் முடிந்தது.

அப்புறம் குவார்ட்ஸ் வந்தது. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், ஓசூரிலிருந்து பேட்டரி வாட்சுகளைக் கொண்டுவந்து குவித்தது. வேடிக்கை என்னன்னா, முள் வைத்த பேட்டரி வாட்சிலும் அந்தக் குட்டிச் சக்கரம் இருக்கு, லீவர் இருக்கு. முள்ளைத் திருப்புகிற வேலை மட்டும் மிச்சம். முறுக்குகிற வேலை போயே போச்சு!

2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அதனால ஓடாத ஜனதா வீட்டில் கிடந்தா பழைய இரும்புக்காரரிடம் போட்டுடாதீங்க. அதிலிருக்கிற ஒரு தண்டோ லீவரோ இன்னொரு ஜனதாவை ஓட வைக்கும். நாம சாவி கொடுக்க இன்னும் கொஞ்ச நாளைக்கு ஏதாவது மிச்சம் இருக்கணும் இல்லையா? :-)