எண் பொறித்த மட்டைகள்

கொல்ஃப் ஆட்டத்திலே பந்து அசையாது தரையிற் கிடக்கின்றது. எதிரே நின்று அதனை எறிபவரும் இல்லை, இடைமறிப்பவரும் இல்லை. ஆடுபவர் விடுவிக்க வேண்டிய புதிர் பெரும்பாலும் ஒன்றே. குழி இருக்கும் தூரம் இவ்வளவு. அத்தூரத்துக்கு ஏற்ற மட்டை எது? கிரிக்கெற் ஆடுபவர் ஒரு மட்டையோடு களம் புகுகின்றார். கொல்ஃப் ஆடுபவரோ பதினான்கு மட்டைகள் வரை பையிலிட்டுச் செல்கின்றார். அம்மட்டைகள் ஒவ்வொன்றும் அடுத்ததைவிடப் பத்து அல்லது பன்னிரண்டு யார் கூடவோ குறையவோ பந்தை அனுப்ப வேண்டும் என்பதே அவற்றின் ஏற்பாடு. படிகள் ஒரே உயரமாய் அமைந்த ஏணியில் ஏறுபவன் காலைப் பார்த்து வைக்க வேண்டுவதில்லை. நடுவே ஒரு படி இல்லையெனின் அவன் கதி வேறு. கொல்ஃப் மட்டைகளின் நூறாண்டு வரலாறு, இந்த ஏணியிற் படிகள் கழன்றதும் மீண்டும் பொருத்தப்பட்டதுமான வரலாறேயாகும்.

ஒரு மட்டை பந்தை எவ்வளவு தூரம் அனுப்பும் என்பதைத் தண்டின் நீளமும் முகத்தின் சாய்வும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. மட்டையின் முகம் செங்குத்தாக நில்லாமற் பின்புறம் சாய்ந்திருக்கும். அச்சாய்வைப் பாகையிற் கூறுவர். சாய்வு மிகுந்தாற் பந்து உயர எழுந்து அருகில் விழும். சாய்வு குறைந்தாற் தாழப் பறந்து தொலைவிற் செல்லும். இரும்பு மட்டைகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நாலு பாகை வேறுபாடும் அரை அங்குல நீள வேறுபாடும் நெடுங்காலம் பொது விதிபோல் இருந்து வந்தன. நடுத்தர வலுவுள்ள ஒருவருக்கு ஒரு பாகை ஏறக்குறைய இரண்டு மூன்று யார் தூரத்துக்குச் சமம்.

ஆட்டம் வளர்ந்த ஸ்கொத்லாந்திலே மட்டைகளுக்கு முற்காலத்தில் எண் கிடையாது, பெயரே உண்டு. கிளீக், மாஷி, மாஷி நிப்ளிக், நிப்ளிக் என்பன அப்பெயர்கள். தோலுறையினுள் இறகு திணித்துச் செய்த பந்தை இரும்பு மட்டை கிழித்துவிடும் என்று அஞ்சி, அக்காலத்தார் மரமட்டைகளையே பெரிதும் கையாண்டனர். 1848ஆம் ஆண்டளவில் மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து பெறப்படும் கட்டாபேர்ச்சாவினால் ஆன பந்து வந்தது. அது மலிவானது, கடினமானது, இரும்பின் அடியைத் தாங்குவது. அதன் பின்னரே இரும்பு மட்டைகள் பெருகின. ஆயினும், ஒருவருடைய மாஷியும் மற்றொருவருடைய மாஷியும் ஒரே சாய்வுடையனவாய் இருக்க வேண்டுமென்ற நியதி இருக்கவில்லை. கொல்லன் கைக்கு வந்ததே சாய்வு. தண்டுகள் ஹிக்கரி மரத்தினால் ஆனவை; இரண்டு தண்டுகள் ஒரேவிதமாய் வளைவது அரிது. ஆகையால் ஆட்டக்காரர் ஒவ்வொரு மட்டையையும் தனித்தனியே கையில் எடுத்து வீசிப் பார்த்தே தம் தொகுதியைச் சேர்த்தனர். பொபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றது இவ்வாறு சேர்த்த ஹிக்கரித் தண்டு மட்டைகளைக் கொண்டேயாகும். சிக் எவன்ஸ் 1916இல் அமெரிக்கத் திறந்த போட்டியை ஏழே மட்டைகளுடன் வென்றார். மட்டை இல்லாத தூரத்துக்கு அவர்கள் பிடியைத் தாழ்த்தியும் வீச்சைச் சுருக்கியும் பந்தை அனுப்பினர். ஏணியில் இல்லாத படிகளைக் கைத்திறனே நிரப்பியது.

உருக்குத் தண்டு வந்தபோது இந்நிலை மாறிற்று. அமெரிக்காவில் 1920களின் நடுப்பகுதியிலும், சென் அன்றூஸ் நகரின் றோயல் அன்ட் ஏன்ஷியன்ற் கழகத்தாரால் 1929இலும் அது அனுமதிக்கப்பட்டது. ஒரு தண்டைப்போல் நூறு தண்டுகளைத் தொழிற்சாலையில் செய்தெடுக்க முடிந்தமையால், மட்டைகளைப் படிவரிசையாக அமைத்து எண் பொறித்து விற்கும் வழக்கம் பரவியது. பழைய மாஷி ஐந்தாம் எண்ணாயிற்று. நிப்ளிக் ஒன்பதாம் எண்ணாயிற்று. எண்ணைக் கண்டவுடன் தூரம் தெரியும் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால், படி கூடக்கூட ஆசையும் கூடியது. 1934, 1935 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரித்தானிய, அமெரிக்க அமெச்சூர் பட்டங்கள் இரண்டையும் வென்ற லோசன் லிற்றில் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளை வைத்திருந்தார். பை சுமந்த பையன்களின் தோள்களை நினைத்தாலே போதும்! ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு மட்டை என்றாகிவிட்டால் ஆடுபவரின் திறமைக்கு என்ன வேலை என்ற முறைப்பாடும் எழுந்தது. அமெரிக்கச் சங்கம் 1938இலும் றோயல் அன்ட் ஏன்ஷியன்ற் கழகம் 1939இலும் பதினான்கு என்னும் எல்லையை விதித்தன. பின்னர் நிகழ்ந்த எல்லாவற்றுக்கும் இவ்விதியே அடிப்படை. ஏணியின் ஒரு முனையிற் புதுப்படி சேர்ப்பவர், மறுமுனையில் ஒரு படியைக் கழற்றியே ஆகவேண்டும்.

மேல்முனையிற் புதிய படி ஒன்று இதற்கு முன்னரே வந்திருந்தது. ஜீன் சராசன் தம் நிப்ளிக்கின் அடிப்பாகத்தில் ஈயப்பற்று வைத்துப் பருமனாக்கி, மணலைத் தோண்டாது வழுக்கிச் செல்லும் மட்டையொன்றை உருவாக்கினார். அதனைக் கொண்டு 1932இல் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்றார். சாண்ட் வெட்ஜ் எனப்படும் அம்மட்டை 56 பாகை அளவில் நிலைபெற்றது. 1960களில் ஒரு தொகுதியை எடுத்துப் பார்த்தால், ஐந்தாம் எண் 32 பாகை, ஏழாம் எண் 40, ஒன்பதாம் எண் 48, பிச்சிங் வெட்ஜ் 52, சாண்ட் வெட்ஜ் 56 என்ற அளவிற் படிகள் சீராக இருந்ததைக் காணலாம்.

இச்சீரைக் குலைத்தது வாணிபமே. கடைக்கு வருபவர் ஏழாம் எண் மட்டையை வீசிப் பார்ப்பார். பழையதைவிடப் பத்து யார் கூடப் போனால் மகிழ்ந்து வாங்குவார். அது ஆறாம் எண்ணின் சாய்வோடு ஏழு என்று பொறிக்கப்பட்டது என்பதை அவர் அறியார். ஆண்டுக்காண்டு சாய்வு குறைந்தது. இன்று தூரத்தையே பேசி விற்கப்படும் தொகுதிகளில் ஏழாம் எண் 30 பாகைக்கும் குறைவாக இருப்பதுண்டு. அஃதாவது பழைய ஐந்தாம் எண்ணையும் அது மிஞ்சிவிட்டது. உற்பத்தியாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. மட்டைத் தலையின் பாரத்தை அடியிலும் பின்புறத்திலும் இறக்கியமையாற் பந்து எளிதில் உயர்கின்றது. பழைய சாய்வை வைத்தால் வீணே வானம் ஏறும். இந்நியாயம் உண்மையே, ஆனால் பாதி உண்மை. விற்பனையின் கவர்ச்சி இல்லாதிருந்தால் எண்ணையும் அதற்கேற்ப மாற்றிப் பொறித்திருக்கலாமன்றோ?

பிச்சிங் வெட்ஜ் 52இலிருந்து 48க்கும், பின்னர் 44க்கும் இறங்கியது. சாண்ட் வெட்ஜ் மணலில் வேலை செய்ய வேண்டியதாகையால் 56இலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவே 12 பாகைப் பள்ளம். தூரத்திற் கூறினால் 30 யார். குழிக்கு மிக அருகில், அளவு மிக நுட்பமாக வேண்டிய இடத்திலேயே படி இல்லாமற் போயிற்று. அப்பள்ளத்தை நிரப்ப 50, 52 பாகையில் மற்றொரு வெட்ஜ் விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே ‘இடைவெளி வெட்ஜ்’. தானே தோண்டிய பள்ளத்துக்குத் தானே மண் விற்றது இத்தொழில் என்றால் மிகையாகாது.

அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பௌதிகவியலாளர் டேவ் பெல்ஸ், ஆட்டக்காரர் அடிகளை இழப்பது தொலைவிலன்று, குழிக்கு அண்மையிலேயே என்று அளந்து காட்டினார். அவருடைய ஆலோசனைப்படி ரொம் கைற் 1980இல் 60 பாகை வெட்ஜ் ஒன்றைப் பையிற் சேர்த்தார். நீண்ட இரும்பு மட்டையொன்றை விலக்கினார். அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றிற் பரிசுப் பணம் அதிகம் பெற்றவர் அவரே.

நீண்ட இரும்பு மட்டையை விலக்கியதில் இழப்பு அதிகம் இல்லை. சாய்வு மிகக் குறைந்த மட்டைகளில், வீச்சு வேகம் போதாதவருக்குப் பந்து காற்றில் நிற்பதில்லை. அதனால் மூன்றாம், நான்காம் எண்கள் இரண்டும் ஒரே இடத்திற் பந்தைப் போடும். முகத்திலே நாலு பாகை வேறுபாடு இருந்தும் தரையிலே வேறுபாடு இல்லை. அவற்றின் இடத்தைப் பிற்காலத்தில் மரமட்டையும் இரும்பு மட்டையும் கலந்த ஹைபிரிட் மட்டைகள் பிடித்தன. 2004இல் பிரித்தானியத் திறந்த போட்டியை வென்ற ரொட் ஹமில்ரன், அத்தகைய மட்டையொன்றாற் பச்சைத்தரையின் ஓரத்திலிருந்தும் பந்தை உருட்டினார்.

இன்று பை ஒன்றை அமைப்பவரின் கணக்கு இதுவே. பந்தை உருட்டும் மட்டை ஒன்று; தொடக்க அடிக்கு டிரைவர் ஒன்று. பிச்சிங் வெட்ஜ் 44 பாகையாயின் 49, 54, 59 என்று மேலும் மூன்று வெட்ஜ் வேண்டும். ஐந்திலிருந்து ஒன்பது வரை ஐந்து இரும்புகள். ஆக, பதினொன்று. ஐந்தாம் எண்ணுக்கும் டிரைவருக்கும் நடுவேயுள்ள நெடுந்தூரம் முழுவதற்கும் எஞ்சுவன மூன்றே.

மட்டைகளைத் தெரிந்தெடுத்த பின்னரும் வேலை முடிவதில்லை. தொழிற்சாலையில் ஒரு பாகை முன்பின் ஆவது வழக்கம். ஒன்று கூடி அடுத்தது குறைந்தால், நாலு பாகை இரண்டாகவோ ஆறாகவோ மாறும். ஆகவே பந்து காற்றிற் பறந்த தூரத்தை மட்டும் ராடார் கருவியால் அளந்து, உருண்ட தூரத்தைத் தள்ளிவிட்டு, படி பிசகிய மட்டையைப் பட்டறையிற் பிடிகருவியில் இறுக்கி வளைப்பர். அடித்துச் செய்த மெல்லிரும்பு இணங்கும். வார்த்த உருக்கு ஓரிரு பாகைக்கு மேல் வளைத்தால் முறியவும் கூடும். சாய்வை ஒரு பாகை குறைத்தால் அடிப்பாகத்தின் வழுக்குக் கோணமும் ஒரு பாகை குறையும். வழுக்க வேண்டிய மட்டை மண்ணைத் தோண்டத் தொடங்கும்.

இக்காலத்து வெட்ஜ் மட்டைகளிற் பெரும்பாலானவற்றின் அடியிலே பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. 50, 54, 58 என்று பாகையே பொறிக்கப்படுகின்றது. இரும்பு மட்டைகளிலோ இன்றும் ஐந்து, ஆறு, ஏழு என்ற பழைய எண்களே நிற்கின்றன.