மீட்டரை அளந்த ஒளி

1834ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் லண்டன் பாராளுமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. அத்தீயில் பாழானவற்றுள் ஒரு பித்தளைக் கோலும் உண்டு. பிரிட்டிஷ் நாட்டின் கஜத்துக்கு அதுவே மூல அளவு. அது கெட்டுப்போனால், ஒரு விநாடி ஊசலின் நீளத்தைக் கொண்டு மீண்டும் அமைத்துக்கொள்ளலாம் என்று 1824ஆம் ஆண்டுச் சட்டம் வழிகூறியிருந்தது. உற்ற வேளையில் அவ்வழி உதவவில்லை. அது போதிய நுட்பமுடையதன்று என்று அறிஞர் தள்ளிவிட்டனர். எஞ்சியிருந்த படிகளைப் பார்த்தே புதுக் கோல் செய்ய வேண்டியதாயிற்று.

பிரெஞ்சுக்காரர் இவ்விடரை முன்னரே எண்ணியவர்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கே மீட்டர் என வகுத்து, 1799இல் பிளாட்டினக் கோல் ஒன்றையும் செய்து வைத்தனர். ஆனால் அக்கோல் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவு என்பது பின்னர்த் தெரிந்தது. உலகமோ அதற்குள் அக்கோலின் அளவுக்கே பழகிவிட்டது. ஆகவே 1889இல், பாரிஸுக்கு அருகே சேவ்ர் நகரில் பாதுகாக்கப்பெற்ற பிளாட்டின–இரிடியக் கோலே மீட்டர் என முடிவாயிற்று. பூமியில் தொடங்கிய அளவு மீண்டும் ஒரு பெட்டிக்குள் அடங்கிற்று. அக்கோலுக்கு ஊறு நேர்ந்தால் என் செய்வது?

இதற்கு விடை தேடி 1892இல் சேவ்ருக்கு வந்தவர் அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் மைக்கல்சன். அவருடைய கருவியின் தத்துவம் எளிது. மெல்லிய வெள்ளிப் பூச்சுள்ள ஒரு கண்ணாடி ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும். இரு கதிர்களும் இரு ஆடிகளிற்பட்டுத் திரும்பி ஒன்றுசேரும். அலையின் முகடும் முகடும் கூடினால் வெளிச்சம். முகடும் பள்ளமும் கூடினால் இருள். இதனையே ஒளிக் குறுக்கீடு என்கிறோம். ஓர் ஆடியை அரை அலைநீளம் நகர்த்தினால் ஒரு வரி கடந்து செல்லும். ஆகவே வரிகளை எண்ணுவதே தூரத்தை அளப்பதாகும்.

பல தனிமங்களின் ஒளியைச் சோதித்து, காட்மியத்தின் சிவப்பொளியை அவர் தேர்ந்தார். ஆயினும் ஒரு மீட்டருக்கு முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகளை யார் எண்ணுவது? அவர் ஒன்பது இடைப்படிகள் அமைத்தார். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இருமடங்கு. மிகச் சிறியது சுமார் 0.39 மில்லிமீட்டர், பெரியது 10 சென்டிமீட்டர். சிறியதில் ஏறத்தாழ 1,200 வரிகளை எண்ணி, படிப்படியாக ஒப்பிட்டு, பெரியதைப் பத்து முறை நகர்த்தி மூலக் கோலை எட்டினார். ஒரு மீட்டரில் 1,553,163.5 அலைகள் எனக் கண்டார். 1906இல் பெனுவா, ஃபாப்ரி, பெரோ ஆகிய மூவரும் வேறொரு முறையால் பெற்ற எண் 1,553,164.13. வேறுபாடு ஓர் அலைக்கும் குறைவே!

நேயர்களே, இங்கே நான் வியப்பது எண்ணின் நுட்பத்தை மட்டுமன்று. காட்மிய விளக்கு எந்நாட்டிலும் எரியும். அதன் அலை எவர் பூட்டுக்கும் அடங்காது. கோல் அழிந்தாலும் அளவு அழியாது என்னும் உறுதியை உலகம் அன்றுதான் பெற்றது.

சட்டம் மட்டும் மெல்ல நடந்தது. 1960இல் கிரிப்டான்–86 ஒளியின் 1,650,763.73 அலைநீளமே மீட்டர் எனத் தீர்மானித்தனர். 1983 முதலோ, வெற்றிடத்தில் ஒரு விநாடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தூரமே மீட்டர். இன்றும் தொழிற்சாலைகளின் அளவுக் கட்டைகளைச் சரிபார்ப்பது லேசர் ஒளியின் குறுக்கீடுதான். சேவ்ரின் கோல் இன்று ஒரு நினைவுச் சின்னமாக ஓய்வுகொள்கிறது. இனி அதனை எந்தத் தீயும் அச்சுறுத்த முடியாது.