அடிக்கோடு போதவில்லை

"தம்பி, செவுத்துல ஒட்டியிருக்கிற முகவரியை அப்படியே அடிச்சுப் பாத்தேன். பக்கம் காணோம்னு வருது."

ஐயா போனில் இதைச் சொன்னபோது காலை ஏழு மணி. முந்தைய இரவு இரண்டு மணிக்குத்தான் எங்கள் இணையதளத்தைப் புது இடத்துக்கு மாற்றி முடித்து, "எல்லாம் சரியாக ஓடுகிறது" என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்திருந்தேன்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து, சம்பளமில்லாத வேலையாக, சிறு நூலகங்களுக்கான புத்தகப் பட்டியல் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறோம். அதன் தமிழ் உதவிப் பக்கங்களை எழுதியவர் ஐயா, ஓய்வுபெற்ற நூலகர். அவை ஒரு பழைய விக்கியில் இருந்தன. அதை இனியும் ஓட்ட முடியாது என்ற நிலை வந்ததும், ஸ்பிங்க்ஸ் என்னும் ஆவணக் கருவிக்கு மாற்றும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதல் முறை ஓட்டியதுமே திரை முழுக்க எச்சரிக்கைகள். அதிகம் வந்தது, தலைப்பின் அடிக்கோடு போதவில்லை என்பது. ஸ்பிங்க்ஸ் படிக்கும் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் நடையில் தலைப்புக்குக் கீழே சமக்குறிகளை வரிசையாக இடவேண்டும். அந்த வரிசை தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக்கூடாது. 'நிறுவுதல்' என்ற தலைப்புக்கு ஐந்து குறி இட்டிருந்தேன். நி, று, வு, த, ல். ஐந்து எழுத்துதானே? யூனிகோடில் அது ஒன்பது குறியீடு. கருவி புள்ளியை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறது, உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. ஆக, அதன் கணக்கில் எட்டு. நாம் ஐந்து என்று படிப்பதை எட்டு என்று எண்ணும் கருவியோடு சண்டை போட்டுப் பயனில்லை. எல்லாத் தலைப்புக்கும் நீளமாகக் கோடு போட்டுவிட்டு அடுத்த எச்சரிக்கைக்குப் போனேன்.

அந்த மூன்று வார இரவுகளில் எரிச்சல் தாளாமல் இந்தக் கருவிகளின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆவணக் கருவிகளின் வரலாறே இடமாற்றங்களின் வரலாறுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

1964 வாக்கில் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்ஸர் ரன்ஆஃப் என்ற நிரலை எழுதினார். புள்ளியில் தொடங்கும் சிறு கட்டளைகளை உரைக்கு நடுவே எழுதிவைத்தால், அது பத்தி பிரித்து, வரி நிரப்பிப் பக்கமாக்கித் தரும். அதைப் பார்த்து பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் மல்டிக்ஸ் கணினிக்காக ராஃப் எழுதினார். மல்டிக்ஸிலிருந்து பெல் விலகியபின், ராஃப் யூனிக்ஸுக்குக் குடிபெயர்ந்தது.

யூனிக்ஸ் பிழைத்ததில் இந்தக் கருவிக்கு ஒரு பங்கு உண்டு. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு பழைய பி.டி.பி-7 கணினியில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கணினி வாங்கப் பணம் கேட்டால் நிர்வாகம் தரவில்லை. இயங்குதளம் செய்யப்போகிறோம் என்று கேட்டால் கிடைக்காது, ஆவணங்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்கும் அமைப்பு என்று கேட்டால் கிடைக்கலாம். அப்படிக் கேட்கும் யோசனையை முன்வைத்தவர் ஜோ ஓசானா. 1970இல் பி.டி.பி-11 வந்தது. 1971இல் பெல்லின் காப்புரிமைத் துறைத் தட்டச்சர்கள் அதில் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 3 தேதியிட்டு யூனிக்ஸின் முதல் கையேடு வந்தது. ஒவ்வொரு கட்டளைக்குமான பக்கத்தில் 'பிழைகள்' என்றே ஒரு பகுதி இருந்தது. செய்தவர்களே தங்கள் பொருளின் குறையை அச்சில் ஒப்புக்கொள்ளும் அந்த வழக்கம் எனக்கு இன்றும் பிடித்த ஒன்று.

பிறகு ஓசானா, ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்றை ஓட்டுவதற்காக டிராஃப் எழுதினார். 1978இல் வந்த கெர்னிகன், ரிட்சியின் சி மொழிப் புத்தகம் அதில் கோக்கப்பட்டதுதான். ஆனால் அந்த நிரல் ஒரே ஓர் இயந்திரத்துக்கென்று எழுதப்பட்டது. அந்த இயந்திரம் எத்தனை எழுத்துருவைத் தாங்கும், எத்தனை அளவுகளைத் தரும் என்பதெல்லாம் நிரலின் உள்ளே ஊறிக்கிடந்தது. 1977இல் ஓசானா இறந்துபோனார்.

எல்லோருடைய கட்டுரையும் கையேடும் டிராஃபில் இருக்கின்றன. அதை முழுக்க அறிந்தவர் இல்லை. இயந்திரமோ பழசாகிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் பிரையன் கெர்னிகன் அந்த நிரலைக் கையில் எடுத்தார். புதிதாக ஒன்றை எழுதிவிடலாம் என்ற ஆசை எந்தப் பொறியாளருக்கும் வரும். அவர் அதைச் செய்யவில்லை. மனிதர்கள் எழுதும் கட்டளை மொழியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, வெளியீட்டுப் பக்கத்தை மட்டும் மாற்றினார். டிராஃப் இனி குறிப்பிட்ட இயந்திரத்தோடு பேசாது, பொதுவான ஓர் எளிய உரைவடிவைத் தரும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதைப் படிக்கும் சிறு நிரல் தனியாக இருக்கும். 1979இல் இந்த வேலை நடந்தது. இன்றும் லினக்ஸில் ஒரு கட்டளையின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் அந்தப் புள்ளிக் கட்டளைகளின் வாரிசுகள்தாம் அடியில் இருக்கின்றன.

பைத்தான் மொழியின் ஆவணங்கள் வேறு வழியில் போயின. அவை லாடெக்கில் எழுதப்பட்டிருந்தன. வலைப்பக்கமாக மாற்ற, ஃப்ரெட் டிரேக் உருவாக்கிப் பராமரித்த கருவித்தொகுப்பு இருந்தது. அதன் அடியில் ஓடியது லாடெக்2ஹெச்டிஎம்எல் என்ற பெர்ல் நிரல். அது பல பக்கங்களுக்கு 'நோட்' என்ற சொல்லோடு வரிசை எண் சேர்த்துப் பெயர் வைக்கும். நடுவில் புதிதாக ஓர் அத்தியாயம் நுழைந்தால் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். நேற்று ஒருவர் குறித்துவைத்த முகவரி இன்று வேறொரு பாடத்தைக் காட்டும். லாடெக் தெரியாதவர்கள் திருத்தம் அனுப்பத் தயங்கினார்கள் என்ற குறையும் இருந்தது.

2007இல் கெயோர்க் பிரான்டில், டேவிட் குட்ஜர் உருவாக்கிய ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்டுக்கு அவ்வளவையும் மாற்றினார். தேடி-மாற்றும் தந்திரம் போதாது என்பதால், அந்த லாடெக்கைப் புரிந்துகொள்ளும் தனி நிரலே எழுதினார். புது வலைப்பக்கங்களை உருவாக்க அவர் செய்த கருவிதான் 2008 மார்ச்சில் ஸ்பிங்க்ஸ் என்ற பெயரில் வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பைத்தான் 2.6இன் ஆவணங்கள் அதில் உருவானவை. ஒரு வீட்டுக் குடிபெயர்ப்புக்காகச் செய்த வண்டி, பிறகு ஊரிலுள்ள எல்லோர் சாமானையும் ஏற்ற ஆரம்பித்தது. என் சாமானையும்தான்.

இதையெல்லாம் படித்து முடித்த தெம்பில் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். எந்தப் பொருளடக்கத்திலும் சேராத அநாதைப் பக்கங்களைச் சேர்த்தேன். இல்லாத தலைப்பைச் சுட்டிய லிங்க்குகளைத் திருத்தினேன். விக்கியின் எண் முகவரிகளுக்குப் பதிலாக அழகான பெயர் முகவரிகள் வைத்தேன். எச்சரிக்கை பூஜ்யம். அதைப் பார்த்துத்தான் "எல்லாம் சரி" என்று செய்தி அனுப்பினேன்.

ஸ்பிங்க்ஸ் சொன்னதில் பொய்யில்லை. தன் வீட்டுக்குள் எல்லாம் சரியா என்றுதான் அது பார்க்கும். வெளியே ஒரு நூலகச் சுவரில், கணினிக்குப் பக்கத்தில், ஐயா தன் கையெழுத்தில் எழுதி ஒட்டிய தாளில் உள்ள முகவரி அதற்கு எப்படித் தெரியும்?

"எத்தனை தாள் ஐயா ஒட்டியிருக்கீங்க?"

"இங்க ஒண்ணு. போற ஊர்ல எல்லாம் ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கேன். கணக்கு வச்சுக்கல. மாத்தி எழுதணும்னா சொல்லுங்க, எழுதிடறேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்தியது. தவறு என்னுடையது, பஸ் ஏறித் திருத்தப் போகிறவர் எழுபது வயதைத் தாண்டியவர்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதியிருக்கிறார்: நல்ல முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். படித்திருக்கிறேன், பிறருக்கு அனுப்பியும் இருக்கிறேன். பழைய முகவரியைக் கேட்டால் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பிவைக்க சர்வரிடம் சொல்லும் 301 என்ற எண்ணும் எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். கெர்னிகன் மனிதர்கள் தொடும் பக்கத்தை அசைக்காமல் இயந்திரப் பக்கத்தை மாற்றினார். நான் செய்தது நேர் எதிர்.

"நீங்க எதையும் மாத்த வேணாம் ஐயா. சாயங்காலம் திரும்ப அடிச்சுப் பாருங்க."

நல்லவேளை, தளத்தின் பெயர் எங்களிடமே இருந்தது. அன்று ஆபீசுக்கு விடுப்பு சொல்லிவிட்டு, விக்கியின் பழைய எண்களையும் புதிய பெயர்களையும் இரண்டு பத்தியாக எழுதி, வரிக்கு வரி சரிபார்த்து சர்வரில் ஏற்றினேன். இரண்டு பக்கங்களை மூன்றாவதோடு சேர்த்திருந்ததால் அவற்றை எங்கே அனுப்புவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு, யூனிக்ஸ் கையேட்டைப் பார்த்து, எங்கள் ஆவணத்தின் கடைசியில் 'பிழைகள்' என்று ஒரு பகுதி சேர்த்தேன். தலைப்பு நான்கு எழுத்து, அடிக்கோட்டில் எட்டுக் குறி.

மாலை ஆறு மணிக்கு ஐயா கூப்பிட்டார்.

"வருது தம்பி. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்ல ஐயா. நேத்தே செஞ்சிருக்க வேண்டியது."