இங்கிலாந்தில் ஊதியமற்ற பணித் தண்டனை: இசைவும் பெயர்மாற்றமும்

குற்றம் புரிந்தவரைச் சிறைக்கு அனுப்பாது, ஊருக்குப் பயன்படும் வேலையை ஊதியமின்றிச் செய்யப் பணிக்கும் தண்டனை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐம்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. இக்காலத்தில் அதன் பெயர் பலமுறை மாறியது. வேலையின் தன்மையைக் காட்டிலும் அதன் நோக்கம் பற்றிய அரசின் எண்ணமே மாறிவந்துள்ளதை அப்பெயர்கள் காட்டுகின்றன.

சிறைக்கு மாற்றான தண்டனைகளை ஆராய்ந்த பார்பரா வூட்டன் தலைமையிலான குழு 1970இல் இதனைப் பரிந்துரைத்தது. குற்றவாளிகள் இயன்றவரை தன்னார்வலர்களுடன் இணைந்து உழைக்க வேண்டும் என்பது குழுவின் விருப்பம். சிறையைவிடச் செலவு குறைந்தது என்றும், சமூகத்திற்குச் செய்யும் ஈடு என்றும், சீர்திருத்தம் என்றும் அவரவர் நோக்கிற்கேற்ப இதனை வரவேற்க இடமிருந்தது. 1972ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் இதற்குச் 'சமூகசேவை ஆணை' எனப் பெயரிட்டது. 40 முதல் 240 மணி நேரம் வரை பணி விதிக்கலாம் என்றது. 1973இல் நாட்டிங்காம்ஷயர், கென்ட், டர்ஹாம் உள்ளிட்ட ஆறு பகுதிகளில் சோதனை தொடங்கியது. முதியோர் வீடுகளுக்கு வண்ணம் பூசுதல், தோட்டம் சீரமைத்தல் போன்ற பணிகள் நன்னடத்தை அலுவலர்களின் மேற்பார்வையில் நடந்தன.

இச்சட்டத்தின் உயிர்நாடி, குற்றவாளியின் இசைவின்றி ஆணை பிறப்பிக்கலாகாது என்ற விதியாகும். கட்டாய உழைப்பை விலக்கிய 1930ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையும், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 4ஆம் உறுப்பும் இவ்விதிக்குப் பின்புலமாயின. (சிறையை எதிரே காட்டிக் கேட்கப்படும் இசைவு எத்தகைய இசைவு என்ற ஐயம் நியாயமானதே. எனினும் நீதிமன்றம் அதைக் கேட்டாக வேண்டியிருந்தது.) 1997ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேவையை நீக்கியது.

பெயர்கள் அதன்பின் விரைந்து மாறின. 2001இல் 'சமூகசேவை' என்பது 'சமூகத் தண்டனை' ஆயிற்று. 2005இல் 'ஊதியமற்ற பணி' என்றாகி, உச்சவரம்பு 300 மணி நேரமாக உயர்ந்தது. 2008இன் இறுதியில், பணிபுரிவோர் குற்றவாளிகள் என ஊரார் கண்டறியும்படி எழுத்துப் பொறித்த ஆரஞ்சு நிற மேலங்கி கட்டாயமாக்கப்பட்டது. நன்னடத்தை அலுவலர் சங்கம் இதனை எதிர்த்தது. தன்னார்வலரோடு ஒருவராய் நின்று உழைப்பவர் என்ற வூட்டன் குழுவின் கருத்துக்கு இம்மேலங்கி நேர்மாறானது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூகசேவையைத் தண்டனை வகைகளுள் ஒன்றாக முதன்முறையாகச் சேர்த்துள்ளது. முதன்முறையாக 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளைத் திருடி, அதனைத் திருப்பியளித்தவருக்கு இதுவே தண்டனை. எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில், அவரது இசைவோடா என்பன பற்றி அச்சட்டம் எதுவும் கூறவில்லை.