வாடகை வண்டியும் அதன் வர்ணமும்

விலைக்கு வாங்கும் பொருளைத் தட்டிப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிட்டும் வரலாம்; ஆனால் முன்பின் அறியாத ஊரில் இறங்கிய பிரயாணி, முன்பின் அறியாத ஒருவருடைய வண்டியையோ அறையையோ வாடகைக்கு எடுக்கும்போது, அவனுக்குப் பற்றுக்கோடாக இருப்பது பெரும்பாலும் ஒரு பெயரும் ஒரு வர்ணமுமே. ஆகையால், கைபேசித் திரையில் சிறு சதுரமாகத் தோன்றும் பிரயாண வாடகைச் செயலி ஒன்றுக்குச் சின்னம் வரைய உட்காரும் கலைஞர், இத்தொழிலில் தமக்கு முன் பாடுபட்டவர்களின் விருத்தாந்தத்தைச் சற்றே அறிந்திருத்தல் நலம்.

1918-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து இளைஞரான வால்ட்டர் ஜேக்கப்ஸ், ஒரு டஜன் ஃபோர்டு ‘மாடல் டி’ கார்களை, வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்லும் முறையில் விடத் தொடங்கினார். ஐந்தாண்டுகளுக்குப் பின் அத்தொழிலை விலைக்கு வாங்கித் தம் பெயரைச் சூட்டிய ஜான் ஹெர்ட்ஸ், அதே நகரில் 1915-இல் மஞ்சள் டாக்சிக் கம்பெனியை நிறுவி ஏற்கெனவே பிரசித்தி பெற்றிருந்தவர். தூரத்திலிருந்து கண்ணுக்கு எளிதில் புலப்படும் வர்ணம் மஞ்சளே என்று சிகாகோ சர்வகலாசாலையார் ஆராய்ந்து சொன்னதாகவும், அதைக் கேட்டே அவர் தம் டாக்சிகளுக்கு மஞ்சள் பூசியதாகவும் ஒரு கர்ணபரம்பரை உண்டு. ஹெர்ட்ஸ் ஸ்தாபனம் கை பல மாறியும் அந்த மஞ்சள் மட்டும் இன்றளவும் அதை விட்டு நீங்கவில்லை.

போரில் விமானம் ஓட்டித் திரும்பிய வாரன் ஏவிஸ், 1946-இல் டெட்ராய்ட்டை அடுத்த வில்லோ ரன் விமான நிலையத்திலேயே வாடகைக் கார்களை நிறுத்தினார். பிரயாணி இறங்கும் இடத்தில் வண்டி காத்திருக்க வேண்டுமென்ற எளிய யுக்திதான். ஆயினும் முதலிடம் ஹெர்ட்ஸிடமே இருந்தது. 1962-இல் ஏவிஸ் கம்பெனியின் தலைமையை ஏற்ற ராபர்ட் டவுன்செண்ட், டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர ஸ்தாபனத்தை நாடியபோது, எழுதித் தருவதை ஓரெழுத்தும் மாற்றாமல் வெளியிட வேண்டுமென்று அவர்கள் நிபந்தனை விதித்தார்கள். பாலா கிரீன் என்ற பெண்மணி எழுதித் தந்ததோ, நாங்கள் இரண்டாமிடத்தில்தான் இருக்கிறோம், ஆகவே கூடுதலாகப் பாடுபடுகிறோம் என்னும் பகிரங்க ஒப்புதல்! தம் தாழ்வைத் தாமே பறைசாற்றிக்கொள்ளும் வியாபாரி எங்கேனும் உண்டா என்று பலர் நகைத்திருக்கக்கூடும். ஆனால் அழுக்கேறிய சாம்பல் கிண்ணமும் பாதி காலியான பெட்ரோல் தொட்டியும் எங்களுக்குக் கட்டுப்படியாகா என்று அந்த விளம்பரங்கள் பேசியபோது, வாடகைக் காரில் ஏறி முகஞ்சுளித்த அனுபவமுள்ள ஒவ்வொருவருக்கும் அது தம் மனத்தில் கிடந்த பேச்சாகவே பட்டது. 32 லட்சம் டாலர் நஷ்டத்தில் இருந்த கம்பெனி மறு ஆண்டே 12 லட்சம் டாலர் லாபம் கண்டது. இதில் எழுத்தின் சாமர்த்தியத்தைவிட, காரைத் துடைத்து வைத்த தொழிலாளியின் கைக்கே அதிகப் பங்கு என்பது என் அபிப்பிராயம். அவன் துடைக்காதிருந்தால் அந்த வாசகமே ஏவிஸுக்குப் பரிகாசமாய் முடிந்திருக்கும்.

இனி அறை வாடகைக்கு வருவோம். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில், வடிவமைப்புக் கலை பயின்ற பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும், வீட்டு வாடகை கொடுக்க வகையின்றி, காற்றடைத்த மெத்தைகளை விரித்து விருந்தினரை ஏற்ற கதை எல்லோரும் அறிந்ததே. அதிலிருந்து வளர்ந்த ஏர்பிஎன்பி, 2014-இல் லண்டன் கலைஞர்களைக் கொண்டு புதுச் சின்னம் ஒன்றை வெளியிட்டபோது உலகம் சில விகாரமான ஒப்புமைகளைச் சொல்லிச் சிரித்தது. அவற்றை இங்கே எழுதுவது மரியாதையாகாது. அச்சின்னத்தின் செவ்வர்ணத்துக்கு, முதல் மெத்தை விரிக்கப்பட்ட ரவுஷ் தெருவின் பெயரையே சூட்டினார்கள். அறை தேடுகிறவனுக்கு இந்தப் பெயர்க் காரணம் தெரியவும் தெரியாது, தெரிந்து ஆவதும் ஒன்றுமில்லை. அவனுக்கும் அவனை வீட்டில் ஏற்றவருக்கும் வேண்டியிருந்த உறுதி வேறு: 2011-இல் ஒரு விருந்தினர் தம் வீட்டைச் சூறையாடிவிட்டதாக சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பெண்ணொருவர் முறையிட்டு ஊரெல்லாம் பேச்சானபின், வீட்டுக்காரர்களுக்கு நேரும் சேதத்துக்கு 50,000 டாலர் வரை ஈடு தருவதாகக் கம்பெனி அறிவித்தது, மறு ஆண்டே அத்தொகையைப் பத்து லட்சமாக உயர்த்தியது. சின்னம் வந்தது அதற்கும் இரண்டாண்டுகள் கழித்துத்தான்.