கட்டடம் கொடுத்தவரும் கரண்ட் பில் கட்டியவரும்

நாம் கட்டும் சொத்து வரிக்குள் நூலக வரி என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டோம். 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் தொகை அது. நூலகத்துக்குத் தனியாக ஒரு வரி எதற்கு, வசதி படைத்தவர்கள் யாராவது கட்டிக் கொடுத்தால் போதாதா என்று தோன்றலாம். ஆனால் உலகத்தில் மிக அதிகமான நூலகங்களைக் கட்டிக் கொடுத்த தனி மனிதரே, வரி போடச் சம்மதிக்காத ஊருக்குப் பணம் தருவதில்லை என்று வைத்திருந்தார். அவர் பெயர் ஆண்ட்ரூ கார்னகி.

ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்ற ஊரில், கைத்தறி நெசவாளி ஒருவரின் மகனாக 1835-ல் பிறந்தவர். விசைத்தறி வந்து பிழைப்பு போனதும் குடும்பம் 1848-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. குடியேறியது அலெகெனி என்ற ஊரில்; அவருக்குப் பிட்ஸ்பர்க் தந்தி அலுவலகத்தில் ஓடி ஆடித் தந்தி கொடுக்கும் பையன் வேலை. அலெகெனியில் கர்னல் ஆண்டர்சன் என்பவர் தம் சொந்தப் புத்தகங்களை வேலைக்குப் போகும் பையன்கள் படிக்கத் திறந்துவிட்டிருந்தார். பிறகு எஃகு ஆலைகளால் உலகப் பணக்காரர்களில் ஒருவரான கார்னகி, 1901-ல் தம் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, பணத்தைக் கொடுப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார்.

மொத்தம் 2,509 நூலகங்கள். இதில் 1,600-க்கும் மேல் அமெரிக்காவில், 660 பிரிட்டனிலும் அயர்லாந்திலும், 125 கனடாவில். செலவு 5.6 கோடி டாலர். எனக்கு இந்த எண்களைவிட அவர் வைத்த நிபந்தனைதான் சுவையாகப்படுகிறது. மக்கள்தொகையில் தலைக்கு ஏறத்தாழ 2 டாலர் என்று கணக்கிட்டுக் கட்டடத்துக்குப் பணம் தருவார். நிலம் ஊர் கொடுக்க வேண்டும். கட்டடத்துக்கு அவர் கொடுக்கும் தொகையில் 10 சதவீதத்தை, ஒவ்வொரு ஆண்டும் ஊர் தன் வரிப்பணத்திலிருந்து ஒதுக்குவதாகத் தீர்மானம் போட்டுத் தர வேண்டும். புத்தகம், சம்பளம், விளக்கு, விறகு எல்லாம் அதில்தான். 5,000 பேர் உள்ள ஊருக்குச் சுமார் 10,000 டாலர் கட்டடம் கிடைக்கும்; ஊர் ஆண்டுதோறும் 1,000 டாலர் எடுத்து வைக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு? நூலகம் இருக்கும் வரை.

இந்த நிபந்தனை பேச்சளவில் நிற்கவில்லை. 1881-ல் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். நிலம் கொடுத்து, ஆண்டுக்கு 15,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்றார். நூலகத்துக்கு வரிப்பணம் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று நகரம் மறுத்துவிட்டது. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் மாநிலச் சட்டம் மாறியது, தொகையும் 10 லட்சமாக உயர்ந்தது, 1895-ல்தான் அங்கே நூலகம் திறந்தது. கையில் பணத்தோடு ஒருவர் நிற்கும்போது சட்டத்தைத் திருத்திவிட்டு அதை வாங்கிக்கொண்ட நகரம் அது.

நடைமுறையைப் பார்த்துக்கொண்டவர் ஜேம்ஸ் பெர்ட்ராம் என்ற செயலாளர். விண்ணப்பம் வந்தால் கேள்வித்தாள் போகும்: மக்கள்தொகை என்ன, இப்போது நூலகம் எங்கே இருக்கிறது, நிலம் எங்கே, ஆண்டுக்கு எவ்வளவு தருவீர்கள். லோன் அப்ளிகேஷன் பார்த்துப் பழகிய எனக்கு இவரை மிகவும் பிடிக்கிறது. ஊர்க்காரர்கள் கோபுரமும் மாடமும் வைத்து வரைபடம் அனுப்பிப் படிக்கும் இடத்தைச் சுருக்கினால் திருப்பி அனுப்புவார். கடைசியில் 1911-ல், கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று சிறு குறிப்பேடே அச்சிட்டுவிட்டார். ஆங்கில எழுத்துக்கூட்டலை எளிமையாக்கும் கட்சியைச் சேர்ந்தவர் என்பதால், அதன் தலைப்பில் ‘பில்டிங்’ என்ற சொல்லிலிருந்து ‘யு’ எழுத்தையும் எடுத்துவிட்டார். சிக்கனம் என்றால் அப்படி!

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1892-ல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலித் தகராறு முற்றி, கம்பெனி வரவழைத்த தனியார் காவல் படைக்கும் தொழிலாளிகளுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அப்போது கார்னகி ஸ்காட்லாந்தில் இருந்தார். அதே ஹோம்ஸ்டெட்டில் 1898-ல் நூலகம் கட்டிக் கொடுத்தார். தினம் 12 மணி நேரம் உலைமுன் நின்றவன் எப்போது வந்து படிப்பான் என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் பணத்தை வாங்க மறுத்த ஊர்களும் உண்டு. தானம் பெரிது என்பதற்காக அது எங்கிருந்து வந்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

ஆலை ஊர்களில் கட்டிய நூலகங்களுக்கு மட்டும் அவர் வேறு வழி வைத்திருந்தார். ப்ராடாக், ஹோம்ஸ்டெட், டுகேன் ஆகிய ஊர்களில் கட்டடத்தோடு, நடத்துவதற்கும் தாமே பணம் போட்டார். ப்ராடாக்கில் 1889-ல் திறந்ததுதான் அமெரிக்காவில் அவருடைய முதல் நூலகம். ஆலைத் தொழிலாளிகள் அழுக்குப் போகக் குளித்துவிட்டு வர அடித்தளத்தில் குளியல் அறைகளும் இருந்தன. பிறகு நீச்சல் குளம், இசை அரங்கம் எல்லாம் சேர்ந்தன. அப்படிப்பட்ட மாளிகை 1974-ல் பூட்டப்பட்டது. எஃகுத் தொழில் சரிந்ததில், ஒரு காலத்தில் 20,000 பேர் இருந்த ஊரில் இன்று 2,000 பேர்கூட இல்லை. இடிபடாமல் தப்பி 1983-ல் மீண்டும் திறந்தது, ஊரில் மிச்சமிருந்த சிலரின் பிடிவாதத்தால். டுகேன் நூலகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 1968-ல் இடித்துவிட்டார்கள்.

10 சதவீத நிபந்தனை இருந்த இடத்திலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. கார்னகி நிறுவனம் ஆல்வின் ஜான்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியரை அனுப்பிச் சுமார் நூறு நூலகங்களைப் பார்த்துவரச் சொன்னது. கட்டடம் நன்றாக இருக்கிறது, உள்ளே பயிற்சி பெற்ற நூலகர் இல்லை என்பதுதான் அவர் அறிக்கையின் சாரம். இனி கட்டடத்தைவிட ஆட்களைப் பயிற்றுவிக்கப் பணம் கொடுங்கள் என்றார். 1917-ல், முதல் உலகப் போரின்போது, புதிய நூலகக் கட்டடங்களுக்குப் பணம் ஒதுக்குவது நின்றது.

இங்கேதான் நம் ஊருக்கு ஒரு நூல் இழை வருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1919-ல் நூலகர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அதற்குக் கைகொடுத்தது கார்னகியின் பிரிட்டிஷ் அறக்கட்டளை. அந்தப் பள்ளியில் 1924-ல் போய்ச் சேர்ந்தவர், சீர்காழியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். ஊர் திரும்பி 1928-ல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். நூலகத்துக்குச் சட்டமும் நிலையான வரியும் வேண்டும் என்று விடாமல் எழுதினார், வாதாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-ல் சட்டம் நிறைவேறியது. நாம் கட்டும் அந்தச் சின்ன வரி அப்படி வந்தது.

பி.காம். முதல் ஆண்டிலேயே மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கட்டடம் முதலாவது, மின் கட்டணம், துடைப்பம், வாட்ச்மேன் சம்பளம் இரண்டாவது. கொடுப்பவர்களுக்கு முதலாவதில்தான் ஆசை, ஏனென்றால் பெயர்ப் பலகை வைக்க அதில்தான் சுவர் இருக்கிறது. நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் ஒரு தொண்டு அமைப்பின் இரண்டு கணக்குகள் இருந்தன. ‘கட்டட நிதி’ கணக்கில் லட்சக்கணக்கில் கிடக்கும். நடப்புக் கணக்கில் இருந்து எழுதிய கரண்ட் பில் செக் பணமில்லாமல் திரும்பும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற முடியாது. கொடுத்தவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார். கௌன்டரில் வந்து நிற்கும் அந்தச் செயலாளரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கார்னகி கேட்டது ஊராட்சியின் வாக்குறுதியை. அதே காலத்தில் இன்னொருவர் மக்களின் பங்கையே கேட்டார். சியர்ஸ் ரோபக் என்ற பெரிய தபால்வழி வியாபாரக் கம்பெனியின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் சொல்லி, 1912-ல் அலபாமாவில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஆறு சிறு பள்ளிகள் கட்ட உதவினார். 1932-க்குள் தென் மாநிலங்களில் பள்ளி, ஆசிரியர் வீடு, தொழிற்கூடம் எல்லாம் சேர்த்து 5,300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எழுந்தன. மொத்தச் செலவு சுமார் 2.84 கோடி டாலர். அதில் ரோசன்வால்ட் நிதி கொடுத்தது 43 லட்சம். அந்த ஏழைக் கறுப்பின மக்கள் கொடுத்தது 47 லட்சம். கொடையாளியைவிட அதிகம்! பருத்தி விற்ற காசு, மரம், நிலம், உடல் உழைப்பு என்று கொடுத்தார்கள். பெரும்பகுதியான மீதி அரசு வரிப்பணம்.

இதைப் படித்தபோது பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. அவர்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். வெள்ளையர் குழந்தைகளின் பள்ளிக்கு அந்த வரியிலேயே கட்டடம் வந்தது. இவர்கள் மட்டும் தம் பள்ளிக்கு இரண்டாம் முறை கொடுக்க வேண்டியிருந்தது. ‘மக்கள் பங்களிப்பு’ என்று நாம் இப்போது எளிதாகச் சொல்கிறோம், அதற்குள் இப்படியும் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கலாம். ஆனாலும் முடிந்த கட்டடம் அரசுப் பள்ளி நிர்வாகத்தின் பெயருக்கு எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனை புத்திசாலித்தனமானது. அதன் பிறகு இது எங்கள் பொறுப்பில்லை என்று நிர்வாகம் சொல்ல முடியாது.

பிற்காலத்தில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த க்ரெஸ்கி அறக்கட்டளை, தொண்டு நிறுவனங்களின் கட்டடங்களுக்கு வேறு விதமாகக் கொடுத்துப் பேர் வாங்கியது: மீதிப் பணத்தைக் குறித்த தேதிக்குள் நீங்கள் திரட்டினால்தான் எங்கள் பங்கு வரும். பல பத்தாண்டுகள் அப்படி நடத்திவிட்டு, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் முன்பே அந்த வழியிலிருந்து விலகத் தொடங்கியது.

இப்போது நம் விஷயம். பின் தெருவில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் மாலை நேரப் படிப்பகம் மழையில் ஒழுகுகிறது. ஒரு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிதியில் புதுக் கூடமும் கழிப்பறையும் கட்டித் தரச் சம்மதித்திருக்கிறது, நம் சங்கம் உடன் நிற்க வேண்டும் என்று கேட்கிறது. மதிப்பீடு 15 லட்சம் ரூபாய். திறப்பு விழா எப்போது என்பது வரை சென்ற கூட்டத்தில் பேசினோம். தண்ணீர்த் தொட்டி கழுவுவது யார், பெருக்குபவருக்கு மாதச் சம்பளம் யார் தருவது என்பது வரவில்லை. கார்னகி கணக்குப்படி ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். நம் 120 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,250 ரூபாய், மாதம் 104. அவ்வளவு வேண்டாம், பாதியே போதும் என்று சிலர் சொல்லலாம். நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கும் என்று வேறு சிலர் கேட்கலாம். அடுத்த பொதுக்குழுவின் பொருள் நிரலில் திறப்பு விழாவுக்கு முன்னால் இந்த இரண்டையும் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.