ஒரு கேக் பெட்டியும் ஒரு நொதியத்தின் வரலாறும்



வெள்ளவத்தையில் வாங்கிய கேக் பெட்டி ஒன்றை மாணவி ஒருத்தி வகுப்புக்குக் கொண்டு வந்தாள். லேபலில் 'ஈ 473' என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலில் அந்த இலக்கத்தைக் கண்ட உம்மா, கேக்கைக் குப்பையில் போட்டுவிட்டாராம். "சேர், இது ஹராமா?" என்று கேட்டாள்.

பத்வா சொல்வது உலமாக்களின் பொறுப்பு. அந்த இலக்கத்தின் வரலாற்றைச் சொல்வது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.

ஈ 473 என்பது சீனியும் கொழுப்பமிலமும் இணைந்த எசுத்தர். சீனிப் பகுதி நீரைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்புப் பகுதி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கேக் கலவையில் நீரும் எண்ணெயும் பிரிவதில்லை.

ஆனால் சீனி எண்ணெயில் கரையாது. ஆகவே 1950களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டையும் கரைக்க டைமெதில் போமமைட் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். அது ஈரலுக்குக் கெடுதியானது. பிறகு அதை நீக்கியாக வேண்டும். 1959இல் ஜப்பான் இந்த எசுத்தரை உணவில் சேர்க்க அனுமதித்தது. கரைப்பான் இல்லாத வழியைத் தேடும் முயற்சியும் தொடர்ந்தது.

அந்த வழியின் தொடக்கம் இன்னும் பழையது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கிராண்ட்பாஸில் 1938இல் லீவர் சகோதரர்கள் தொடங்கிய சவர்க்காரத் தொழிற்சாலையை நாம் அறிவோம். சவர்க்காரம் செய்யும்போது கொழுப்பைக் காரம் உடைக்கிறது. நம் குடலில் கொழுப்பை உடைப்பது இலிப்பேசு என்ற நொதியம். இதே நொதியம் உடைத்ததைத் திரும்ப இணைக்கவும் செய்யும் என்று 1900இல் காசல், லோவன்ஹார்ட் என்ற இருவர் காட்டினார்கள். நீர் நிறைய இருந்தால் உடைக்கும். நீரை அகற்றினால் இணைக்கும்.

1984இல் ஸாக்ஸும் கிளிபனோவும் 100 பாகை வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலிலும் இலிப்பேசு வேலை செய்வதைக் கண்டார்கள். அவர்கள் எடுத்தது பன்றிக் கணையத்தின் நொதியம். 1989இல் டென்மார்க்கின் நோவோ ஆய்வாளர்கள் அந்தாட்டிக்காவில் கண்டெடுக்கப்பட்ட மதுவம் ஒன்றின் இலிப்பேசை எடுத்தார்கள். குளுக்கோசுடன் எதைல் கூட்டத்தை இணைத்து, அதை உருகிய கொழுப்பமிலத்தில் கலந்து, உண்டாகும் நீரைத் தாழ்ந்த அமுக்கத்தில் வெளியேற்றினார்கள். கரைப்பான் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான்: பொருளின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மூலம் வேறாக இருக்கலாம். கடைகளுக்கு வரும் ஈ 473 இன்றும் பெரும்பாலும் இரசாயன முறையில் செய்யப்படுவது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, கொழுப்பமிலம் தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா என்பது. நொதியத்தால் செய்த பொருளென்றால் நொதியம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். இலக்கம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாது.

மாணவி கடைக்குப் போய்க் கேட்டாள். கடைக்காரர் கேக் ஜெல் டப்பாவைக் காட்டினார். தாவரக் கொழுப்பு என்று அச்சிட்டிருந்தது. ஹலால் சின்னமும் இருந்தது.

கேக் வீணாகிப் போனது. அந்தப் பட்டியலோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை அது உங்கள் போனுக்கு வந்தால், பகிர முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.